முக்குக்கல்

கீழமாரட் வீதியில், வெங்காய மண்டிக்குத் திரும்பும் முக்கில்
முழங்கால் உயரம் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது நான்தான்.
சாமி. சத்தியமாக.
பெயர் மட்டும் நினைவில்லை.
கடைசியாக அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்
மகள் வீட்டோடு இருக்க விளாங்குடிக்குப் போய்விட்டார்.
தட்டுமுட்டுச் சாமான்களோடு பெயரும் போயிருக்கும்.

எங்கள் பிழைப்பில் கணக்கு கறார்.
ஆயிரம் பேர் கும்பிட்டால் மழையை நிறுத்தலாம்.
நூறு பேர் என்றால் கல்யாணம், கடன், கோர்ட்டு வாய்தா.
பத்துப் பேருக்கு, தொலைந்த சாவி
சட்டைப்பையிலேயே கிடைக்கும்.
ஒரே ஒருவர் என்றால்
அவர் டீயில் ஆடை படியாமல் பார்த்துக்கொள்ளலாம்.
போன ஆடி வரைக்கும் நான் பார்த்த உத்தியோகம் அது.

அந்த ஒருவரும், பாத்திரக்கடைக் கணக்கர் ஞானதிரவியம்,
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.
தினமும் ஒன்பதரைக்கு என் முன்னால் குனிவார்,
ஷூ லேஸைக் கட்ட.
குனிந்தது குனிந்ததுதானே? வரவு வைத்துக்கொண்டேன்.
பிறகு லேஸ் இல்லாத ஷூ வாங்கிவிட்டார்.
அன்றைக்கு என்மேல் உட்கார்ந்த ஈயைக்கூட
என்னால் விரட்ட முடியவில்லை.

சித்திரையில் இந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்களா?
மாசி வீதி நாலும் தலை, தலை, தலை.
தேர் வருகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும்,
எட்டிப் பார்க்கக் கழுத்து வேண்டுமே.
"வழிந்ததில் ஒரு பத்துப் பேரை
இந்தப் பக்கம் தள்ளிவிடு தாயே" என்றேன்.
வந்தார்கள்.
ஒதுங்க இடம் தேடி.

ஆவணி மூன்றாம் தேதி
எட்டு மூட்டை நாசிக் வெங்காயத்தோடு ட்ரைசைக்கிளில்
சோணைக்காளை வந்தான்.
சக்கரம் என்மேல் ஏறிச் சரிந்தது.
மூட்டை ரெண்டு பிரிந்து வீதியெல்லாம் வெங்காயம்.
அவன் கால் பெருவிரலில் நகம் இல்லை.
இடுப்பில் கைவைத்து, என்னை நேருக்கு நேர் பார்த்து
ஆரம்பித்தான்:
என் பிறப்பு, என்னை நட்டவன் பிறப்பு,
நட்டவனுக்குக் கூலி கொடுத்தவனின் ஏழு தலைமுறை,
மூச்சுவிடாமல், ஏற்ற இறக்கத்தோடு.
நூற்றெட்டு இருக்கும். நான் எண்ணவில்லை,
அழுதுகொண்டிருந்தேன்.
என்னைப் பார்த்து ஒருவர் 'நீ' என்று சொல்லி
எத்தனை வருஷம்!

பூண்டுக்கடை மீரான் ராவுத்தர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்:
"என்னப்பா, காலங்காத்தால கல்லுக்கு அர்ச்சனையா?"

அர்ச்சனை!
வேற்று மதத்துப் பெரியவர்,
நடுவீதியில், பத்துப் பேர் காதுபட
சொல்லிவிட்டார். இனி யார் மறுக்க முடியும்?

அன்றிரவே ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.
வேண்டுமென்றேதான்.
இப்போது நாளுக்கு முன்னூறு, முகூர்த்த நாளில் நானூறு:
ஸ்கூட்டிக்காரப் பெண்கள், சிலிண்டர் போடுகிறவர்கள்,
ரிவர்ஸ் எடுக்கிற மினி லாரி.
போன வாரம் ஒரு ஆட்டோக்காரர் என் அம்மாவை விசாரித்தார்.
எனக்கு அம்மா உண்டென்று
அப்போதுதான் தெரியும்.

பலம் வந்தால் கைம்மாறு செய்ய வேண்டாமா?
ராவுத்தர் கடைப் பூண்டு முளைவிடுவதில்லை.
சோணைக்காளைக்கு ஒரே ராத்திரியில் நகம் வளர்த்துக் கொடுத்தேன்.
அளவு சற்றுத் தப்பிவிட்டது.
அதற்கும் யாரையோ திட்டினான். எனக்கு வந்து சேர்ந்தது.

நேற்று சாயங்காலம் ஒரு சிறுமி,
தன்னைவிடப் பெரிய புத்தகப் பையோடு
இடித்துக்கொண்டாள். முழங்காலில் ரத்தம்.
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.
அவள் என்னைத் தொட்டு "சாரி" என்றாள்.
நொண்டிக்கொண்டே போய்விட்டாள்.

இதை எந்தக் கணக்கில் எழுத?
ராத்திரி முழுக்க யோசித்தேன்.
விடிவதற்குள் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தேன்.
ஆறு மணிக்குச் சோணைக்காளையின் வண்டி
உரசாமல் என்னைக் கடந்தது.
பத்தடி தள்ளி நின்றது.
இறங்கித் திரும்பி நடந்து வந்தான்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"என்னடா," என்றான், "மேலுக்கு முடியலையா?"